பேட்டரி வண்டியோடு பராமரிப்பையும் சேர்த்து வாங்குங்கள்

கேள்வி: டெல்டா மாவட்டம் ஒன்றில் உள்ள நகராட்சியில் நான் வார்டு உறுப்பினர். வீடு வீடாகக் குப்பை சேகரிக்க ஏழு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பேட்டரி வண்டிகளில் பாதிக்கு மேல் உரக்கிடங்கு ஷெட்டில் ஓடாமல் நிற்கின்றன. ஓடுகிற வண்டிகளும் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. பெண் பணியாளர்கள் குப்பையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதை என் வார்டிலேயே பார்த்திருக்கிறேன். இந்த நிலையில், 15 ஆண்டு முடிந்த டீசல் வண்டிகளைக் கழித்துவிட்டு அத்தனைக்கும் பதிலாக மின்வண்டிகள் வாங்கும் தீர்மானம் அடுத்த மன்றக் கூட்டத்துக்கு வருகிறது. எதிர்த்தால் முன்னேற்றத்துக்குத் தடை என்பார்கள். ஆதரித்தால் மறுபடியும் மக்கள் பணம் துருப்பிடிக்குமோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்வது? கிடங்கில் கிடக்கும் பழைய வண்டிகளையும் பேட்டரிகளையும் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

தீர்மானத்தை ஆதரியுங்கள். ஆனால் இப்போது இருக்கும் வடிவத்தில் வேண்டாம். திருத்தம் கொடுத்து ஆதரியுங்கள். என்ன திருத்தம் என்பதைச் சொல்வதற்கு முன், உங்கள் ஷெட்டில் அந்த வண்டிகள் ஏன் நிற்கின்றன என்பதைப் பார்த்துவிடலாம். அது விளங்காமல் புதிதாக வாங்கும் வண்டியும் அதே ஷெட்டுக்குத்தான் வந்து சேரும்.

உள்ளாட்சி அமைப்புகளின் வாகனக் கொள்முதலுக்கு ஆலோசனை சொல்லும் பொறியாளன் என்ற முறையில் இப்படிப்பட்ட ஷெட்டுகளைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அங்கே நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் மோட்டார் கெட்டிருப்பதில்லை, அச்சு முறிந்திருப்பதில்லை. பேட்டரி செத்திருக்கும். அதுவும் வயதாகிச் சாகவில்லை, கவனிப்பின்றிச் செத்திருக்கும். வண்டி வாங்கப் பணம் ஒதுக்கினார்கள். பேட்டரி மாற்ற ஒதுக்கவில்லை. வண்டியை ஓட்ட ஆள் போட்டார்கள். சார்ஜ் போட்டதா, தண்ணீர் ஊற்றியதா என்று பார்க்க ஒருவரையும் போடவில்லை. ஆகவே குற்றம் மின்வண்டியினுடையது அல்ல, வாங்கிய முறையினுடையது. நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

அடுத்த முறை கிடங்குக்குப் போகும்போது ஒரு வண்டியின் இருக்கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். ஏழு ஆண்டுக்கு முந்தைய வண்டி என்றால் உள்ளே 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகள் நான்கு இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியைத் திறந்தால் தகடுகளுக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருக்கிறதா, நான்கில் ஒன்று மட்டும் வேறு கம்பெனிப் பேட்டரியா என்றும் பாருங்கள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்புங்கள். ஒரே நீட்டிப்புப் பலகையில் மூன்று நான்கு சார்ஜர்கள் செருகப்பட்டு, சாக்கெட் கருகியிருக்கிறதா? இவற்றில் இரண்டு உண்மையானால் போதும், உங்கள் நகராட்சியின் கதை எனக்குத் தெரிந்த கதைதான்.

லெட்-ஆசிட் பேட்டரி முழுதாக இறங்கிய நிலையில் கிடக்கவே கூடாது. இறங்கிய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். பல நாள் அப்படியே விட்டுவிட்டால் கெட்டியாகிப் பிறகு எளிதில் கரையாது. முழுதாக ஏற எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். வண்டி மதியம் இரண்டு மணிக்கு வருகிறது. மூன்று வண்டிக்கு ஒரு சார்ஜர் என்றால் மூன்றாவது வண்டி மறுநாள் அரைகுறையாகத்தான் கிளம்பும், பாதி வழியில் நிற்கும். உங்கள் வார்டில் அந்தப் பெண்கள் வண்டியைத் தள்ளியது இப்படித் தொடங்கியிருக்கும். நான்கு பேட்டரியில் ஒன்று கெட்டதும் அதை மட்டும் மாற்றுவது இன்னொரு வழக்கம். மூன்று கிழப் பேட்டரிகளோடு சேர்ந்த புதுப் பேட்டரி சில மாதங்களில் அவற்றின் நிலைக்கே வந்துவிடும். இதெல்லாம் சரியாக நடந்தாலும், தினமும் ஆழமாக இறங்கி ஏறும் லெட்-ஆசிட் பேட்டரி சுமார் 500 முறைதான் தாங்கும். நாள்தோறும் ஓடும் வண்டிக்கு அது ஒன்றரை ஆண்டுக் கணக்கு. ஏழு ஆண்டு ஓட வேண்டிய வண்டிக்கு மூன்று நான்கு முறை பேட்டரி மாற்றத் திட்டமிட்டிருக்க வேண்டும். உங்கள் நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் அப்படி ஒரு தலைப்பு இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது வரும் வண்டிகளில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பரவலாகியிருக்கிறது. இது 2,000 முறைக்கு மேல் தாங்கக் கூடியது, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, சார்ஜும் விரைவாக ஏறும். விலை கூடுதல் என்றாலும் குப்பை வண்டிக்கு இனி லெட்-ஆசிட் வேண்டவே வேண்டாம். அதே சமயம் லித்தியம் என்றால் கவனிப்பே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சார்ஜ் தீர்ந்த வண்டியை இரண்டு மூன்று மாதம் ஷெட்டில் விட்டுவிட்டால், உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு மின்சுற்று தன்னைப் பூட்டிக்கொள்ளும். கம்பெனி ஆள் வந்துதான் திறக்க முடியும், சில வேளைகளில் அவராலும் முடியாது.

இவ்வளவு சிக்கல் இருக்கும்போது டீசலையே வாங்கலாமே என்று மன்றத்தில் ஒருவர் எழுந்து கேட்பார். அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

வீடு வீடாகக் குப்பை வாங்கும் வண்டி பத்தடி போகிறது, நிற்கிறது, மறுபடியும் பத்தடி போகிறது. டீசல் எஞ்சினுக்கு இதைவிட மோசமான வேலை கிடையாது. நிற்கும்போதும் எரிபொருள் எரிகிறது. கிளட்சும் பிரேக்கும் வேகமாகத் தேய்கின்றன. மின்மோட்டாருக்கு இதே வேலை மிகவும் ஒத்துப்போகும். நிற்கும்போது மோட்டார் செலவழிப்பது ஒன்றுமில்லை; வேகம் குறையும்போது கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. ஒரு சிறு நான்கு சக்கர வண்டி, நீங்கள் குட்டி யானை என்று சொல்வீர்களே, அது நாளைக்கு 40 கி.மீ. இந்த வேலையில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 கி.மீ. கொடுத்தால் நான்கு லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்றால் 368 ரூபாய். அதே அளவு மின்வண்டிக்கு, சார்ஜ் ஏற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து ஒன்பது யூனிட் போதும். யூனிட் பத்து ரூபாய் என்று தாராளமாகவே போட்டாலும் 90 ரூபாய். நாளைக்குச் சுமார் 280 ரூபாய் மிச்சம், ஆண்டுக்கு 350 நாள் ஓடினால் ஏறக்குறைய ஒரு லட்சம். விலையில் டீசலுக்கும் மின்வண்டிக்கும் நான்கு லட்சம் வித்தியாசம் என்றால் நான்கு ஆண்டில் அது நேராகிவிடும். ஆனால் அந்த நான்கு ஆண்டும் வண்டி ஓட வேண்டும். ஷெட்டில் நிற்கும் வண்டி எதையும் மிச்சப்படுத்தாது.

மின்சாரமும் நிலக்கரியில்தானே வருகிறது என்றும் கேட்பார்கள். பாதி நியாயமான கேள்வி. நான்கு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 10.7 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. ஒன்பது யூனிட் மின்சாரத்துக்கு, நாட்டின் இன்றைய மின் உற்பத்திக் கலவையில், ஆறு கிலோவுக்குச் சற்று மேல். குறைவுதான், பூஜ்யம் இல்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. டீசல் வண்டியின் பின்னால் நடந்துகொண்டே ஆறேழு மணி நேரம் வேலை செய்பவர்கள் யார்? தூய்மைப் பணியாளர்கள். அந்தப் புகை அவர்கள் முகத்துக்கு நேராக வருகிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் அதே முதல் வகுப்பில் அதையும் வைத்திருக்கிறார்கள். முகக்கவசமும் இல்லாமல் அந்தப் புகைக்குள் நிற்பவர்களுக்காக மட்டுமே கூட இந்த மாற்றம் நடக்க வேண்டும் என்பேன். நீங்கள் மன்றத்தில் பேசும்போது ரூபாய்க் கணக்குக்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்.

15 ஆண்டு முடிந்த வண்டிகள் விஷயத்தில் உங்கள் நகராட்சிக்கு வேறு வழியில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 52-ஏ என்ற விதியைச் சேர்த்து, 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய, மாநில அரசுகள், உள்ளாட்சி அமைப்புகள், அரசு நிறுவனங்கள் ஆகியவற்றின் 15 ஆண்டு கடந்த வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில்தான் அவற்றை ஒப்படைக்க வேண்டும். ஆகவே வண்டிகள் போகத்தான் போகின்றன. ஆனால் பத்து வண்டி போகிறது என்பதால் பத்து வண்டி வாங்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. எத்தனை, எந்த மாதிரி என்பதை வேலைதான் முடிவுசெய்ய வேண்டும்.

அதனால் முதல் திருத்தம்: கொள்முதலுக்கு முன், இப்போது ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வாரப் பதிவு எடுக்க வேண்டும். வண்டியின் பதிவேட்டில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள்; அது பெரும்பாலும் டீசல் கணக்குக்குப் பொருந்த எழுதப்பட்டது. சுகாதார ஆய்வாளரின் மேற்பார்வையில் புதிதாகவே எடுக்கச் சொல்லுங்கள். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எத்தனை வீடு, எத்தனை நடை, மொத்தம் எவ்வளவு கி.மீ., கிடங்கு எடைமேடையில் ஒவ்வொரு நடைக்கும் எவ்வளவு கிலோ, வழியில் மேம்பாலமோ ஆற்றங்கரை ஏற்றமோ உண்டா, இவ்வளவு போதும். நாற்பது பக்கத் திட்ட அறிக்கையைவிட இந்த ஒரு தாள் பயன்படும்.

எடை ஏன் முக்கியம் என்றால், உங்கள் பழைய வண்டிகள் பாரம் தாங்காமலும் செத்திருக்கக் கூடும். மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கு மிகாத இ-கார்ட் வகை மூன்று சக்கர வண்டிக்கு விதிப்படி 310 கிலோதான் பாரம். சிறு நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் குப்பை என்பது வழக்கமான கணக்கு. நடுவில் 250 கிராம் எடுத்தால், வீட்டுக்கு நான்கு பேர் வீதம் 300 வீட்டுக்கு 300 கிலோ. சாதாரண நாளிலேயே வண்டி விளிம்பில் இருக்கிறது. பொங்கலுக்கு மறுநாள் கரும்புச் சக்கையும் வாழை இலையும் ஏறினால், ஐப்பசி மழையில் குப்பை நனைந்தால், பாரம் எங்கேயோ போய்விடும். அந்தப் பாரத்தோடு ஓட்டினால் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், பின் அச்சு வளையும். ஒன்று வீடுகளைக் குறைக்க வேண்டும், அல்லது இரண்டு நடை அடிக்க வேண்டும், அல்லது அரை டன் தூக்கும் எல்-5 வகை மூன்று சக்கர வண்டிக்குப் போக வேண்டும். குறுகிய சந்துகள் உள்ள வார்டுகளுக்கு எல்-5 வண்டியும், அகலத் தெருக்களுக்கும் கடைவீதிக்கும் சிறு நான்கு சக்கர வண்டியும் என்று பிரித்துக்கொள்வது பொதுவாக நன்றாக அமைகிறது.

ஓடும் தூரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விளம்பரத் தாளில் 100 கி.மீ. என்று போட்டிருந்தால் அது சோதனைக் களத்துக் கணக்கு. நின்று நின்று போகும் பாரவண்டிக்கு அதில் 60 சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஆண்டில் பேட்டரி கொஞ்சம் தளரும் என்பதற்காக அதிலும் ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 48 கி.மீ. நிற்கும். உங்கள் பதிவில் ஒரு நாள் ஓட்டம் 35 அல்லது 40 கி.மீ. என்றால் அந்த வண்டி போதும். 60 என்றால் போதாது.

இந்தக் கணக்கைப் பார்க்காமல் வாங்கியதன் விளைவு நாட்டளவில் பெரிதாகவே தெரிந்தது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் சேவை நிறுவனம் அரசு அலுவலகங்களுக்கென்று 2017-இல் 10,000 மின்கார்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. அந்த எண்ணிக்கையை எட்டவே முடியவில்லை. முதலில் வந்த கார்கள் ஒரு சார்ஜில் சுமார் 80 கி.மீ.தான் ஓடுகின்றன என்று அதிகாரிகள் தயங்கினார்கள். சார்ஜிங் வசதியும் கார்களின் வேகத்துக்கு வரவில்லை. காரும் கெட்ட கார் அல்ல, நோக்கமும் நல்ல நோக்கம். எந்த அலுவலருக்கு ஒரு நாளில் எவ்வளவு ஓட்டம் என்று முதலில் அளந்திருந்தால், 50 கி.மீ. ஓடுபவருக்கு அதே கார் தாராளமாகப் போதுமானதாக இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் மின்வண்டியாக என்ற சொல்லைத் தீர்மானத்திலிருந்து எடுக்கச் சொல்வது இரண்டாவது திருத்தம். கழிவுநீர் உறிஞ்சும் லாரி, குப்பையை அமுக்கி ஏற்றும் பெரிய லாரி, ஜேசிபி ஆகியவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் அளவு நகராட்சிக்கு அவற்றின் மின்வடிவம் விலை கட்டாது, பழுது பார்க்கவும் பக்கத்தில் ஆள் கிடைக்காது. வெள்ளம் வந்தால் இரவு பகலாக ஓட வேண்டிய வண்டிகளில் ஒன்றிரண்டு டீசலாகவே இருக்கட்டும். டெல்டாவில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வீடு வீடாகக் குப்பை சேகரிப்பு, தெருவிளக்குப் பராமரிப்பு வண்டி, கொசு மருந்து அடிக்கும் குழுவின் வண்டி, ஊருக்குள்ளேயே சுற்றும் அலுவலர்களின் கார் ஆகியவற்றில் தொடங்கலாம். இவை எல்லாமே மாலையில் ஒரே இடத்துக்குத் திரும்பி வரும் வண்டிகள்.

சார்ஜிங் ஷெட் விஷயத்தில்தான் நகராட்சிகள் அதிகம் கோட்டை விடுகின்றன. வண்டி ஒரு தலைப்பில் வருகிறது, ஷெட் இன்னொரு தலைப்பில் வருகிறது, மின் இணைப்பு மின்வாரியத்தின் கையில் இருக்கிறது. வண்டி வந்து ஆறு மாதம் கழித்து இணைப்பு வரும். அதுவரை அலுவலகச் சுவரில் உள்ள சாக்கெட்டில் ஒயர் இழுத்து ஓட்டுவார்கள். 16 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து ஒரு சார்ஜர் சுமார் மூன்று கிலோவாட் இழுக்கும். பத்து வண்டிகள் ஒரே நேரத்தில் ஏறினால் 30 கிலோவாட். பழைய அலுவலகத்தின் ஒயரிங் அதைத் தாங்காது. ஷெட்டுக்கென்று தனியாக மும்முனை இணைப்பு, ஒவ்வொரு சார்ஜருக்கும் தனி சாக்கெட், தனி டிரிப் சுவிட்ச், ஒழுங்கான எர்த், இவை முடிந்து மின் பொறியாளர் கையெழுத்திட்ட பிறகே வண்டி நகராட்சிக்குள் வர வேண்டும். இதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

குப்பை வண்டிக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. விடிகாலையில் கிளம்பி மதியம் திரும்பிவிடுவதால் வெயில் இருக்கும்போதே சார்ஜ் ஏற்றலாம். ஷெட் கூரையில் சூரிய மின்தகடு போட்டால், தமிழ்நாட்டு வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக நாளைக்கு நான்கு யூனிட் தரும். பத்து கிலோவாட்டுக்கு நாற்பது யூனிட். நான்கு குட்டி யானைகளின் ஒரு நாள் தேவைக்கு மேல். வந்தவுடன் செருகிவிடாமல் நிழலில் அரை மணி நேரமாவது ஆறவிட்டு ஏற்றச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் ஓடி வந்த பேட்டரி கொதிக்கும் சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டில் ஏற்றினால் ஆயுள் குறையும். கூரை இல்லாத ஷெட்டும் சார்ஜிங் ஷெட் ஆகாது.

இனி ஒப்பந்தப்புள்ளி. உங்கள் திருத்தத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுப்பது என்ற வழக்கத்தை நகராட்சி அளவில் நீங்கள் மாற்ற முடியாது. மாற்றினால் தணிக்கையில் கேள்வி வரும். ஆனால் எதற்கு விலை கேட்கிறீர்கள் என்பதை மாற்றலாம். வண்டிக்கு மட்டும் விலை கேட்காதீர்கள். வண்டி, சார்ஜர், ஐந்து ஆண்டுப் பராமரிப்பு, ஐந்து ஆண்டுப் பேட்டரிப் பொறுப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாகக் கேளுங்கள். பேட்டரிப் பொறுப்பு என்றால், ஐந்தாம் ஆண்டு முடிவில் முதல் நாள் கொள்ளளவில் 75 சதவீதமாவது இருக்க வேண்டும், இல்லையேல் புதிது தர வேண்டும் என்று எண்ணில் எழுத வேண்டும். உத்தரவாதம் உண்டு என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டால் பழுது வரும் நாளில் அது கைகொடுக்காது. வண்டி நின்றால் 48 மணி நேரத்துக்குள் ஓட வைக்க வேண்டும், அல்லது மாற்று வண்டி தர வேண்டும், தவறினால் நாள் ஒன்றுக்கு இவ்வளவு பிடித்தம் என்பதும் இருக்க வேண்டும். பத்து சதவீதப் பணத்தைப் பிடித்து வைத்து ஆண்டுதோறும் விடுவிக்கலாம். முதல் வண்டியை உங்கள் ஊர்த் தெருவில், முழுப் பாரத்தோடு, பதிவில் உள்ள முழு நடைத்தடத்திலும் மூன்று நாள் ஓட்டிக் காட்டிய பிறகே மற்ற வண்டிகளுக்கு உத்தரவு என்றும் சேருங்கள். இந்த நிபந்தனைகளைப் படித்ததும் சில நிறுவனங்கள் விலகிவிடும். விலகட்டும்.

பாதுகாப்புச் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும். 2022-இல் மின் இருசக்கர வண்டிகள் அடுத்தடுத்துத் தீப்பிடித்த பிறகு, பேட்டரிச் சோதனை விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. மூன்று சக்கர வண்டிக்கு ஏஐஎஸ்-156 என்ற வாகனத் தரநிலை, நான்கு சக்கரத்துக்கு ஏஐஎஸ்-038. திருத்தப்பட்ட விதி 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் கட்டத்துக்கும் பொருந்தும் சான்று இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். வண்டிக்கு எண் பலகையும் காப்பீடும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பேட்டரி வண்டிதானே என்று பதிவே செய்யாமல் ஓட்டும் உள்ளாட்சிகள் இருக்கின்றன. விபத்து நடந்தால் ஓட்டிய பெண்ணின் தலையில் அது விடியும்.

வாங்காமல் வாடகைக்கு எடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. சென்னையில் 2025 ஜூன் இறுதியில் தொடங்கிய மாநகர மின்பேருந்துகள் அப்படித்தான் ஓடுகின்றன. பேருந்து, சார்ஜிங், பராமரிப்பு, ஓட்டுநர் எல்லாம் ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு. மாநகரப் போக்குவரத்துக் கழகம் நடத்துநரைப் போட்டு, ஓடிய கி.மீ. கணக்கில் பணம் கொடுக்கிறது. ஓடினால்தான் பணம் என்பதால், ஓட வைப்பதில் நிறுவனத்துக்கே அக்கறை வந்துவிடுகிறது. இந்தத் தத்துவம் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் வண்டியை மட்டும் ஒப்பந்தத்தில் எடுங்கள், ஆளை எடுக்காதீர்கள். வண்டி ஒப்பந்தம் என்ற பெயரில் தூய்மைப் பணியையே தனியாருக்கு மாற்றிவிடுவார்களோ என்ற அச்சம் பணியாளர்களிடம் உண்மையாகவே இருக்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்பு இரவும் பகலும் அவர்கள் உட்கார்ந்திருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ஓட்டுநரும் பணியாளரும் நகராட்சியின் கீழ் இப்போது எப்படி இருக்கிறார்களோ அந்த நிலை இந்த ஒப்பந்தத்தால் மாறாது என்று தீர்மானத்தில் ஒரு வரி இருக்கட்டும். புது வண்டியை அவர்கள் பகையாகப் பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களையே கூட்டிவந்து நிறுத்துங்கள். தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று எந்த விலைப்பட்டியலும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. ஒரு வாளி ஈரக் குப்பையைத் தோளுக்கு மேல் நூறு முறை தூக்கினால் அன்றைக்கு இரவு கை மேலே வராது. வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, அவர்களில் உயரம் குறைந்த ஒருவரை வாளியைத் தூக்கிக் கொட்டச் சொல்லிப் பாருங்கள். மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்கும் தனித்தனித் தொட்டி, குப்பைச் சாறு வழிந்து பேட்டரிப் பெட்டிக்குள் இறங்காத அடித்தட்டு, ஓட்டுபவருக்கு மழைத் தடுப்பு ஆகியவற்றையும் அவர்களே சரியாகச் சொல்வார்கள். சார்ஜைக் கவனிக்க ஒருவரையும் போடவில்லை என்றேன் அல்லவா? ஷெட்டுக்கு அப்படி ஒரு பொறுப்பாளர் வேண்டும். அந்தப் பொறுப்பை அவர்களில் ஆர்வமுள்ள ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, அதற்கான கூடுதல் ஊதியமும் கொடுத்து ஒப்படையுங்கள்.

மூன்றாவது திருத்தம், எண்ணிக்கை. முதல் தவணையில் இரண்டு அல்லது மூன்று வார்டுகளுக்கு மட்டும் வாங்குங்கள். ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் ஓடட்டும். ஒவ்வொரு மாதமும் எந்த வண்டி எத்தனை நாள் ஓடியது, எத்தனை நாள் நின்றது, ஏன் நின்றது என்ற தாள் மன்றத்தின் மேசைக்கு வரட்டும். அதைப் பார்த்து அடுத்த தவணைக்குத் தீர்மானம் போடலாம். இடைக்காலத்தில் வண்டி குறைகிறதே என்றால், 15 ஆண்டு முடியாத டீசல் வண்டிகளைப் பெரிய வார்டுகளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, கிடங்கில் நிற்கும் பழைய வண்டிகள். எல்லாவற்றையும் ஏலத்தில் விடுவதற்கு முன் ஒரு நல்ல மெக்கானிக்கை வைத்து மூன்று கூறாகப் பிரியுங்கள். அடிச்சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தவை உடைப்புக்குப் போகட்டும். சட்டம் உறுதியாக இருந்து மோட்டாரும் சுழல்கிறது என்றால், அதே வண்டிக்கு ஒப்புதல் பெற்ற லித்தியம் பேட்டரியும் அதற்குரிய சார்ஜரும் தயாரிப்பாளரிடமே கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். கிடைத்தால் புது வண்டி விலையில் ஒரு பகுதியில் அது மறுபடியும் ஓடும். உள்ளூரில் யாராவது செல்களைக் கட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம். பழைய சார்ஜரை லித்தியத்தில் செருகவும் விடாதீர்கள். இரண்டுமே தீ விபத்துக்கு வழி. மூன்றாவது கூறு, உதிரிபாகத்துக்காகக் கழற்றி வைக்கக் கூடியவை.

செத்த லெட்-ஆசிட் பேட்டரிகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போட விடாதீர்கள். உள்ளே இருக்கும் அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை அடுப்பில் உருக்குவார்கள்; அந்தப் புகை சுற்றியுள்ள குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பதும் மறுசுழற்சிக்கு அனுப்புவதும் தயாரிப்பாளரின் பொறுப்பு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் எடைபோட்டுக் கொடுத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள். ஈயத்துக்கு நல்ல விலை உண்டு. அந்தத் தொகை நகராட்சிக் கணக்கில் வர வேண்டும். ஆணையருக்கு எழுதும் கடிதத்தில், கிடங்கில் இன்றைக்கு எத்தனை பேட்டரிகள் இருக்கின்றன என்ற எண்ணிக்கையை முதலில் கேளுங்கள். பதில் வருவதற்குள் சில காணாமல் போகக் கூடும் என்பதால், நீங்களே ஒரு முறை நேரில் போய் எண்ணி எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.